இரண்டாவது சீட் யாருடையது?

கம்பெனி ட்ரிப்புக்கு “நான் வரலீங்க” என்று சொல்லும் கடைக்கார அக்கா தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாரே, தங்கைமாரே,

சிமெண்ட், பெயிண்ட், கம்பி, டைல்ஸ் என்று ஏதோ ஒரு கடையின் கல்லாவில் உட்கார்ந்துகொண்டுதான் இதைப் படிப்பீர்கள். நடுவில் யாராவது வந்து ஒரு கிலோ கட்டுக்கம்பி கேட்பார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள், மடல் எங்கேயும் போய்விடாது.

மார்ச் கணக்கு முடிந்து கொஞ்ச நாளில், இத்தனை விற்றால் இந்தப் பரிசு என்று கம்பெனி வைத்த ஸ்கீமின் ரிசல்ட் வந்துவிடும். ஏரியா சேல்ஸ் ஆபீசர் ஸ்வீட் பாக்ஸோடு கடைக்கு வருவார். “அண்ணா, ஸ்லாப் அடிச்சிட்டீங்க. பாங்காக், பட்டாயா. கப்பிள் ட்ரிப். ரெண்டு பேர் பாஸ்போர்ட் காப்பியும் அனுப்பிடுங்க” என்பார். வீட்டுக்காரர் நம் பக்கம் திரும்புவார். நம் வாயிலிருந்து பதில் தானாக வந்து விழும்: “நான் எங்கீங்க வர்றது? பசங்கள யாரு பாத்துக்கறது? நீங்க போயிட்டு வாங்க.” ஆபீசர் கிளம்புவதற்குள் அந்த இரண்டாவது சீட் வீட்டுக்காரருடைய சிநேகிதருக்கோ, பங்காளிக்கோ, லாரி வைத்திருக்கும் மச்சானுக்கோ பேசி முடிந்திருக்கும்.

அந்தப் பதிலை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

டார்கெட்டை எப்படி அடித்தோம் என்று ஒரு தடவை யோசியுங்கள். சைட்டுக்குப் போய் இன்ஜினியரைப் பார்ப்பது, மேஸ்திரியோடு டீ குடிப்பது, டீலர் மீட்டிங்கில் பொக்கே வாங்குவது வீட்டுக்காரர். அதுவும் வேலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து பில் போடுவதும், ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் எடுப்பதும், லோடு இறங்கும்போது மூட்டை எண்ணுவதும் யார்? “அண்ணா, போன மாசத்து பாக்கி அப்படியே நிக்குது” என்று முகம் கோணாமல் போன் போடுவது யார்? 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. அன்றைக்கு கோடவுனில் பழைய ரேட்டு மூட்டையும், வாசலில் புது ரேட்டு கேட்கும் வாடிக்கையாளருமாக நின்றபோது ராத்திரி உட்கார்ந்து ஸ்டாக்கைப் பிரித்து எழுதியது பல கடைகளில் நாம்தான்.

மார்ச் கடைசி வாரம் இன்னொரு கூத்து. “அண்ணா, கொஞ்ச டன்தான் ஷார்ட்டு. பில் போட்டுக்கங்க, அப்புறமா ஓட்டிக்கலாம்” என்று லோடு தள்ளுவார்கள். மூன்று மாதம் கிடந்தால் சிமெண்ட்டின் வலு குறையும் என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் ஸ்லாப்புக்காக இறக்குவோம். அந்த லோடுக்கு நகையை வைத்துப் பணம் புரட்டிய வீடுகள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. அந்த நகை யார் கழுத்தில் கிடந்தது?

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம்மில் பலரது கடையின் ஜிஎஸ்டி பதிவு யார் பெயரில் இருக்கிறது? பேங்க் லோனுக்காகவோ, வரிக்காகவோ, ஜோசியர் சொன்ன ராசிக்காகவோ உங்கள் பெயரில்தான் இருக்கும். போர்டில் ‘உரிமையாளர்’ என்று அவர் பெயர் இருக்கலாம். பான் நம்பர் உங்களுடையது.

2022 ஜூலை 1 முதல் வருமான வரியில் ஒரு புது விதி வந்தது. அப்போது அதற்கு 194ஆர் என்று பெயர். தொழில் மூலமாக ஒருவருக்குப் பணமாகவோ பொருளாகவோ கிடைக்கும் சலுகை ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுக்கிற கம்பெனி அதன் மதிப்பில் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். தங்கக் காசு, டிவி, கார் எல்லாம் இதில் வரும். டார்கெட் அடித்ததற்காக டீலரையும் அவர் சொந்தக்காரர்களையும் அனுப்பும் டூர் இதில் சேரும் என்று நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. சில கம்பெனிகள் டூருக்கு ‘டீலர் கான்ஃபரன்ஸ்’ என்று பெயர் வைத்துப் பார்த்தன. அதற்கும் அந்தச் சுற்றறிக்கையில் பதில் உண்டு: புதுப் பொருளைப் பற்றி டீலர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நடக்கும் கூட்டத்தின் செலவு சலுகை ஆகாது, டார்கெட் அடித்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கூட்டிப்போனால் அது சலுகைதான். கூட வரும் குடும்பத்தாரின் செலவும், ஊர் சுற்றும் செலவும் அப்படியே.

பேச்சுக்கு, ட்ரிப்பின் மதிப்பு ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாயிரம் ரூபாய் வரி கட்டப்பட்டு, அது கடையின் பான் நம்பரில் ஏறும். மொத்த மதிப்பும் கடையின் வருமானமாகக் கணக்கில் சேரும். விமானத்தில் ஏறியது யாராக இருந்தாலும் சரி, கடை உங்கள் பெயரில் இருந்தால் அந்த லட்சத்து இருபதாயிரம் வரி இலாகாவின் பார்வையில் உங்களுடைய வருமானம். நீங்கள் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருக்க, உங்கள் வருமானத்தில் உங்கள் வீட்டுக்காரரின் சிநேகிதர் பட்டாயாவில் பாராசூட்டில் பறந்துவிட்டு வருகிறார். நம்பாவிட்டால் உங்கள் பான் நம்பரில் ஏறிய வரிக் கணக்கை ஆடிட்டரிடம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இலவசம் என்று எதுவும் இதில் கிடையாது. நம் மார்ஜினிலிருந்து பிடித்த காசைத்தான் நமக்கே டிக்கெட்டாகப் போட்டுத் தருகிறார்கள். அதனால் கணவர் ‘கூட்டிட்டுப் போறேன்’ என்று பெருந்தன்மையாகச் சொல்லும்போது ரொம்ப உருகிவிட வேண்டாம். ‘சரி, போலாம்’ என்றால் போதும்.

இனி பிள்ளைகள் விஷயம். இங்கேதான் நாம் எல்லோரும் நிற்போம்.

ஒரு வயதுகூட ஆகாத குழந்தையோ, பால் குடிக்கும் குழந்தையோ இருந்தால், அல்லது பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், இந்த மடல் உங்களுக்கு இல்லை. அடுத்த ஸ்கீமில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, பாட்டி வீட்டில் தூங்கிப் பழகியிருக்கிறது என்றால் நாலு நாள் தாங்கும். தாங்காது என்று நமக்குத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் நாம்தான்.

காசு கட்டிப் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாமே என்பார்கள். சிலர் போகிறார்கள். போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: வீட்டுக்காரர் க்ரூப்போடு படகில் போயிருப்பார், அந்தம்மா ஓட்டல் ரூமில் கெட்டிலில் வெந்நீர் வைத்துக் குழந்தைக்கு சத்துமாவு கரைத்துக்கொண்டிருந்திருப்பார். பிள்ளைகளோடு போக ஊட்டி இருக்கிறது, திருச்செந்தூர் இருக்கிறது, முழு ஆண்டு விடுமுறை இருக்கிறது. இது இரண்டு பேருக்கான சீட்டு. நமக்கெல்லாம் தேனிலவு என்று தனியாக என்ன நடந்தது? மறுவீடு, மாமா வீட்டு விருந்து, சித்தி வீட்டு விருந்து, அப்புறம் கடை. கூட்டுக் குடும்பத்தில் கதவைச் சாத்தினால்கூட ஏன் சாத்தினார்கள் என்று கேள்வி வரும். கடையில் பகல் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறோம், அதனால் சேர்ந்து இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். நாள் முழுக்கப் பேசுவது “அந்த பில் என்னாச்சு”, “டிரைவருக்கு பேட்டா குடுத்தாச்சா”.

பிள்ளைகளை யாரிடம் விடுவது? என் கட்சி இதுதான்: பிள்ளைகளை அப்புச்சி, அமுச்சி ஊருக்கு, அதாவது நம் அப்பா அம்மா ஊருக்கு அனுப்புவதைவிட, அந்தப் பெரியவர்களை நம் வீட்டுக்கு வரவழைப்பது நல்லது. அதே கட்டில், அதே ஸ்கூல் வேன், அதே பக்கத்து வீட்டு விளையாட்டு. பிள்ளைக்கு அம்மா மட்டும்தான் மாறியிருப்பாள், உலகம் மாறாது. மாமியார் கூடவே இருக்கிறார் என்றால் இன்னும் சுலபம், இன்னும் கஷ்டமும்கூட. “ஊர் சுத்தப் போறா” என்று ஒரு வார்த்தை விழும். விழட்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர் அம்மாவிடம் அவர் கேட்க வேண்டிய உதவி அது. நாம் போய்க் கெஞ்சினால் ஒரு மாதிரி இருக்கும், மகன் கேட்டால் வேறு மாதிரி.

பெரியவர்களுக்கும் வயதாகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. சர்க்கரை, முட்டி வலி, பிரஷர் மாத்திரை என்று அவர்களுக்கே ஆயிரம். பிள்ளைகளைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலையெல்லாம் வைக்காதீர்கள். அந்த நாலு நாளைக்கு மட்டும் சமையலுக்கோ பாத்திரத்துக்கோ ஓர் ஆளைப் போடுங்கள். ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்: குழந்தை டாக்டர் நம்பர், பிள்ளையின் எடை, காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து எத்தனை மில்லி, ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் அது, வேன் டிரைவர் நம்பர், அவசரத்துக்கு 108. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள், இந்தத் தேதிகளில் பிள்ளையை அழைத்துப்போக வருபவர் இன்னார் என்று. மெடிக்ளெய்ம் கார்டு எங்கே இருக்கிறது என்று ஒருவருக்குக் காட்டிவிட்டுப் போங்கள். “ரெண்டு பேரும் ஒரே ப்ளேன்லயா போறீங்க?” என்று யாராவது ஒரு பெரியம்மா கேட்பார். அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமல், இன்சூரன்ஸ் பாலிசி, பத்திரம், லாக்கர் சாவி, நாமினி விவரம் எல்லாம் எங்கே என்று தம்பியிடமோ தங்கையிடமோ சொல்லிவையுங்கள். அந்த ஒரு வேலை முடிந்தால் மனசுப் பாரம் பாதி இறங்கிவிடும்.

வீடியோ கால் ராத்திரி ஒரு தடவை போதும். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும், இங்கே எட்டரை என்றால் அங்கே பத்து. பகலில் சும்மா சும்மா கூப்பிட்டால் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை நம் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பிக்கும், நாமும் அழுவோம், பக்கத்தில் நிற்கும் மாமியார் “இதுக்குத்தான் சொன்னேன்” என்பார்.

கடையை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? பூட்டுங்கள். இழவுக்குப் பூட்டுகிறோம், பங்குனி நோன்புக்குப் பூட்டுகிறோம். பெரும்பாலும் இந்த ட்ரிப்புகளை வியாபாரம் மந்தமான நாளாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். ஆடியில் யார் கடைக்கால் தோண்டுகிறார்கள்? நம்பகமான பையன் இருந்தால் ரொக்கத்துக்கு மட்டும் விற்கச் சொல்லுங்கள், கடன் கிடையாது என்று போர்டு மாட்டிவிட்டு.

இனி அங்கே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏமாந்துபோய் நிற்கக் கூடாது. இது ரோஜாப்பூ மெத்தையில் முடியும் சினிமா கிடையாது. நாற்பது ஐம்பது பேர் ஒரே பஸ். கொடி பிடித்த கைடு. மூன்று வேளையும் இந்தியன் ஓட்டலில் பனீர். பாங்காக்கில் இறங்கியதும் நேராக நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பட்டாயாவுக்கு. கோரல் ஐலண்ட், ஒரு ஷோ, நோங் நூச் தோட்டம், நகைக் கற்கள் விற்கும் பெரிய ஷோரூமில் ஒரு மணி நேரம். ஒரு ராத்திரி காலா டின்னர்: மேடை, ஷீல்டு, டிஜே, கூடவே அடுத்த வருஷத்து ஸ்கீம் அறிவிப்பு. அந்த மேடையில் மயங்கி “அடுத்த வருஷம் டபுள்” என்று வீட்டுக்காரர் கை தூக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. கம்பெனி இவ்வளவு செலவழிப்பது அந்த ஒரு கை தூக்கலுக்காகத்தான்.

சாப்பாடு முடிந்ததும் ஆம்பிளைகள் ஒரு பக்கம், நாம் லாபியில் ஒரு பக்கம் என்று பிரியும். “நாங்க சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வர்றோம்” என்பார்கள். அந்த ஊர் ராத்திரி எதற்குப் பெயர் போனது என்று எல்லோருக்கும் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. “நானும் வர்றேன், எனக்கும் கடல் பாக்கணும்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். சண்டை எதுவும் வேண்டாம்.

பாங்காக்கில் ஒரு அரை நாளாவது க்ரூப்பை விட்டுப் பிரியுங்கள். ஷாப்பிங் என்று ஒதுக்கியிருக்கும் அரை நாளே போதும். சாவோ ப்ரயா ஆற்றில் ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு ஓடுகிறது, டூர்க்காரர்களின் டின்னர் படகைவிட மலிவு. அதில் போனால் கரையில் வாட் அருண் கோபுரம் தெரியும். மேலே ஓடும் ரயிலில் சுரசக் நிலையத்தில் இறங்கி நடந்தால் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில். நம்ம ஊரிலிருந்து போன தமிழர்கள் 1879-இல் கட்டியது. தாய் மக்கள் நம்மைவிடப் பக்தியாகத் தேங்காயும் சாமந்தி மாலையும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நவராத்திரிக்கு அந்தப் பெரிய சாலையையே அடைத்துவிடுவார்களாம். பழைய பாங்காக்கில் ஊஞ்சல் கம்பம் ஒன்று சிவப்பாக, உயரமாக நிற்கும். முதலில் நட்டது 1784-இல். மார்கழியை ஒட்டி அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் சடங்கில் அதில் ஊஞ்சல் ஆடுவார்கள், 1935-இல் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். சடங்கு மட்டும் நடக்கிறது, அதில் ஓதுவது நம் திருவெம்பாவையிலிருந்து போனது. டீலர் பஸ் அந்தக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போகும், உள்ளே எல்லோரும் டிஸ்கவுண்ட் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நானும் எங்கள் வீட்டுக்காரரும் அந்தப் படகில் போனோம். ஏறினதும் கோடவுன் பூட்டைப் பற்றித்தான் பேசினோம். அப்புறம் ஒரு பார்ட்டி செக் திரும்பியதைப் பற்றி. அதுவும் தீர்ந்த பிறகு பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தோம். எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அப்புறம் அவர் தன் அப்பா இறந்த வருஷம் கடையை மூடிவிட நினைத்ததைச் சொன்னார். அந்த வருஷம் நானும் அதே கடையில்தான் இருந்தேன், எனக்கு அது தெரியாது. நாலு நாளில் இப்படி ஒரு அரை மணி நேரம் கிடைத்தால் போதும், அதற்கு மேல் ஒரு டூர் என்ன தரும்?

கம்பெனிக்காரத் தம்பிகளுக்கும் இரண்டு வரி. அழைப்பிதழில் ‘திரு. இன்னார், மிஸஸ்’ என்று போடாதீர்கள், எங்களுக்கும் பெயர் இருக்கிறது. காலாண்டுப் பரீட்சைக்கு நடுவில் தேதி வைக்காதீர்கள். ஷீல்டு கொடுக்கும்போது இரண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். காலா டின்னரை ஒன்பதரைக்கு முடித்தால் யாரும் செத்துப்போய்விட மாட்டார்கள்.

அக்கா தங்கைகளே, கடைசியாக ஒரு காரியம். நம்மில் நிறையப் பேருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, அதனால்தான் சீட் இவ்வளவு சுலபமாகக் கை மாறுகிறது. கல்யாணச் சான்றிதழ் இல்லையே என்று தயங்காதீர்கள், பாஸ்போர்ட்டுக்கு அது கட்டாயம் என்ற விதியை 2016 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன் இருந்த பெயரிலேயே வாங்கலாம். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பல ஊர்களில் தலைமைத் தபால் நிலையத்திலேயே சேவை மையம் வந்துவிட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தேதியைப் பாருங்கள், பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். 2023 நவம்பரிலிருந்து தாய்லாந்து இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கியது. 2025 மே முதல் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகைப் படிவம் போட வேண்டும் என்றும் வந்தது. இந்த விதிகள் மாறக்கூடியவை, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சேல்ஸ் ஆபீசர் அடுத்த தடவை ஸ்வீட் பாக்ஸோடு வரும்போது பாஸ்போர்ட் காப்பி கல்லாப் பெட்டியில் தயாராக இருக்கட்டும். இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

இப்படிக்கு,
தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு சிமெண்ட் கடைக்காரி